நாலாவது செக்மெண்ட்

பழைய கேமரா பையைத் தூக்கிப் போடலாமென்று இன்று காலை எடுத்தேன். எறிவதற்கு முன் ஒவ்வொரு ஜிப்பாகத் துழாவியபோது ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று கைக்கு வந்தது. பச்சையில் சில பொட்டுகள் மிச்சமிருந்தன. பசை காய்ந்துபோய், தொட்டதும் உதிர்ந்து மடியில் விழுந்தன. நீ நெற்றிக்குப் பொட்டு வாங்கியவள் இல்லை, சுவருக்கு வாங்கியவள். இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், அல்லது விளக்கம் கேட்பார்கள். விளக்குவதற்கு எனக்கு இப்போது பொறுமை கிடையாது.

பையை எறியவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்துவிட்டேன். உன் அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். உன்னை ஒரு தடவை பார்க்க வேண்டும், நீ நடப்பதையும் பேசுவதையும் பார்க்க வேண்டும் என்று. அதை என்னால் செய்துகொடுக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பது உனக்குத் தெரிய வேண்டும். நீயும்தான் அதற்குக் காரணம்.

ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, செங்கல்பட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த நம் கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருஷம். லோக்கல் கேபிள் சேனல் ஒன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அரை மணி நேரத்தை மாணவர்களுக்கு விட்டுக்கொடுத்தது. ஃபேஷன் ஷோ பண்ணுங்கள் என்றார் துறைத்தலைவர். வகுப்பே குதித்தது. ராம்ப் போடலாம், கலர் லைட் போடலாம், பாட்டு எது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். நீ கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தாய்.

"சார், ஞாயித்துக்கெழம காலைல லோக்கல் சேனல யாரு சார் பாப்பாங்க? எங்கம்மா பாக்கும். கால்ல அருவாமனைய அமுக்கிகினு மீன் ஆஞ்சினு இருக்கும். அரை மணி நேரத்துல ஒரு நாலு தபா தலைய தூக்கும். நமக்கு அந்த நாலு தபாதான் சார்."

"ஃபேஷன் ஷோன்னா ராம்ப் இருக்கணும்மா," என்றார் சார்.

"இருக்கட்டும் சார். அதுவும் ஒரு தபா."

அப்படித்தான் நம் நிகழ்ச்சி நான்கு செக்மெண்டாகப் பிரிந்தது. உலகத்தில் எந்தத் தயாரிப்பாளரும் இப்படிக் கணக்குப் போட்டிருக்க மாட்டார். இப்போது நான் சென்னையில் ஒரு சேனலில் இதே வேலையைச் செய்கிறேன். பொங்கல் ஸ்பெஷல், தீபாவளி ஸ்பெஷல், நடுவில் ஒரு ஆடி ஸ்பெஷல். குளிர்ந்த அறையில் உட்கார்ந்து பார்வையாளர் யார் என்று ஆங்கிலத்தில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். எனக்கு உன் அம்மாவின் அருவாமனைதான் ஞாபகம் வருகிறது. அதைச் சொன்னால் வேலை போகாது, ஆனால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். அதனால் சொல்வதில்லை.

துறையில் வெள்ளைப் பலகை இருந்தது, எழுதுகிற மார்க்கர் எப்போதும் வறண்டு கிடந்தது. மறுநாள் நீ ஃபேன்சி ஸ்டோரிலிருந்து பொட்டு அட்டைகளோடு வந்தாய். சிவப்பு என்றால் ஸ்டுடியோ, பச்சை என்றால் வெளிப்புறம், கறுப்பு என்றால் பேட்டி. "மார்க்கர்ல எழுதுனா அழிக்கணும். பொட்டுன்னா நகத்தால நவுத்திக்கலாம்," என்றாய். பலகை முழுக்கப் பொட்டாகி, சுவருக்கும் பரவி, கூட்ட வந்த அக்கா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா, அம்மன் இறங்கிகீதா இங்க?" என்று கேட்டுவிட்டுப் போனது.

முதல் செக்மெண்ட் சிவப்பு. ஒரே துப்பட்டாவை மூன்று விதமாகப் போடுவது. இரண்டாவது கறுப்பு. சிறுசேரியில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களின் பைக்குள் என்ன இருக்கிறது என்பது. நடப்பதற்கு ஒரு செருப்பு, ஆபீஸுக்கு ஒரு செருப்பு, ஏசிக்கு ஒரு சால்வை என்று அவர்கள் எடுத்துக் காட்டியபோது நீ கேமராவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டாய். அவ்வளவு சந்தோஷம். மூன்றாவது பச்சை. மாமல்லபுரம் கடற்கரையில் நம் வகுப்புப் பெண்கள் அவரவர் அம்மாவின் கல்யாணப் புடவையில் நடப்பது. சார் கேட்ட ராம்ப் அதுதான், மணலில். நாலாவது இடத்தில் ஒரு பொட்டை மட்டும் ஒட்டி வைத்திருந்தாய். கேட்டால், "இருடி, யோசிச்சினுகீறேன்," என்பாய்.

யோசிக்கவில்லை நீ. பயந்துகொண்டிருந்தாய். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் அச்சரப்பாக்கம் பஸ்ஸுக்கு உன்னோடு நின்ற ஒரு சாயங்காலம் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாய்.

"நாலாவதுல நான் நிக்கறேன்டி."

நான் உன் முகத்தைப் பார்த்தேன். உதட்டோரத்திலும் இடது கண்ணைச் சுற்றியும் இருந்த வெண்புள்ளித் திட்டுகளை அன்றைக்கும் பவுடரால் மூடியிருந்தாய். வெயிலில் பவுடர் கரைந்து, மூடியதற்கும் மூடாததற்கும் நடுவில் ஒரு மாதிரி இருந்தது.

"நின்னு இன்னா பண்ணப்போற?"

"மூஞ்சி கழுவப்போறேன். பவுடரோட வந்து நிப்பேன், ஒரு சொம்புத் தண்ணி, கழுவுவேன், தொடைப்பேன், கம்மல மாட்டிகினு போயிடுவேன். பேச்சே கெடையாது. எங்கம்மா நாலாவது தபா தலைய தூக்கறப்ப அதான் தெரியணும்."

அம்மா உன்னை அடித்ததில்லை, திட்டியதும் இல்லை. மற்றவர்கள் கண்ணில் படாதபடி உன்னை மறைத்து வைத்தார், அவ்வளவுதான். அதைப் பாசம் என்றுதான் அவரும் நினைத்தார். மதுராந்தகத்தில் உன் அக்கா கல்யாணம் நடந்த கதையை நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். வீடியோக்காரரின் லைட் மண்டபத்துக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அம்மா முன்னாடியே ஓடி வந்து, "லைட்டு வருது, சமையக்கட்டுக்குப் போ கண்ணு," என்பாராம். நீயும் போவாயாம். "கல்யாண வீடியோல நான் ரெண்டு எடத்துல வரேன்டி. ரெண்டுலயும் என் தாவணி மட்டும் கதவாண்ட போவுது," என்று சொல்லிச் சிரிப்பாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். உன்னோடு இருந்தால் அழ வேண்டியதற்கும் சிரித்துத் தொலைக்க வேண்டியிருந்தது.

மாமல்லபுரம் படப்பிடிப்புக்கு வருகிறேன். அங்கேதான் எல்லாம் நடந்தது, நடக்கிறது என்று தெரியாமலே.

காலை வெளிச்சத்துக்காக முதல் பஸ்ஸில் போய் இறங்கினோம். காற்று என்றால் காற்று, புடவை கட்டியவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கேமரா நம் வகுப்புச் சுரேஷ். மேகம் நகர்ந்தால் நிறம் மாறுகிறது, மறுபடி வெள்ளையைக் காட்டு, மேகம் விலகினால் மறுபடி காட்டு. புதிதாகக் கேமரா பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, வெள்ளைக் காகிதத்தை முன்னால் பிடித்து இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்ல வேண்டும், அப்போதுதான் மற்ற நிறமெல்லாம் சரியாக வரும். அந்த வேலை உன்னுடையது. ரெக்கார்டு நோட்டிலிருந்து கிழித்த தாளைத் தூக்கிக்கொண்டு ஓடிப் போய் நிற்பாய். எடிட்டிங்கில் நிறம் சேர்க்க உதவுமென்று அதைப் பதிவு செய்து வைக்கச் சொன்னதும் நீதான்.

"நெஞ்சாண்ட புடிச்சா போதும்," என்பான் சுரேஷ்.

"மூஞ்சில வுழற லைட்டுதான்டா வேணும். இங்கதான் புடிக்கணும்," என்று முகத்துக்கு நேராகத் தூக்குவாய். நீ சொன்னது சரிதான். ஆனால் காரணம் அது மட்டும் இல்லை என்று எனக்கும் சுரேஷுக்கும் தெரியும். பேப்பருக்குப் பின்னாலிருந்து, "ஆச்சா? கட் பண்ணிக்கோ," என்று உன் குரல் வரும். சுரேஷ் நிறுத்தியபிறகுதான் பேப்பர் இறங்கும்.

யாராவது நடப்பதற்கு முன் வெளிச்சம் பார்க்க அவர்களுடைய இடத்தில் நீதான் நின்றாய். உன் தோளில் யாருடைய அம்மாவின் பட்டுப் புடவையையோ போட்டு, நடந்து காட்டு என்றால் நடந்தும் காட்டினாய். நன்றாக நடந்தாய். அந்தக் காற்றில் புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு திரும்பியதை நான் பார்த்தேன். அதைப் பார்த்த நாலைந்து பேரில் நானும் ஒருத்தி. இப்போது கண்ணை மூடினால் அந்தத் திரும்பல் பாதிதான் வருகிறது, மீதி வருவதில்லை.

துறையின் ஹார்ட் டிஸ்க் சின்னது, அடைத்துக்கொண்டே இருக்கும். அன்றன்று எடுத்ததை அன்றன்றே கழிக்க வேண்டுமென்பது நீ போட்ட சட்டம். திரும்பி வந்ததும் சுரேஷ் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய்.

"ஆள் இல்லாத ஷாட்ட எல்லாம் தூக்கிடு. பேப்பர் ஷாட்டு மட்டும் இருக்கட்டும், கலருக்கு வேணும்."

"இதுல நீ நடக்கறியே," என்றான் அவன்.

"நான் ஆள் கெடையாதுடா. லைட்டு பாக்க நின்னேன். தூக்கு."

தூக்கினான். ஒவ்வொன்றாக நீயே பக்கத்தில் இருந்து தூக்க வைத்தாய். இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது. யாரை உலுக்குவது?

எடிட்டிங்கில் கடற்கரை நீண்டுவிட்டது. விளம்பரம் போக மிச்சமிருந்த நேரத்தில் நான்கு செக்மெண்ட் அடங்கவில்லை. மூன்றாவதில் நாலு பேரை வெட்டிவிட்டு நாலாவதை எடுப்போம் என்று நான் சொன்னேன். சண்டையே போட்டேன். நீ கேட்கவில்லை.

"அவங்கவங்க அம்மா பொடவைய கட்டிகினு வந்துகீறாங்கடி. வூட்ல எல்லாம் டிவி முன்னாடி குந்தினு இருப்பாங்க. அவங்க பொண்ணு வரலன்னா அந்த அம்மாங்களுக்கு எப்படி இருக்கும்?"

"உங்கம்மாவுக்கு எப்படி இருக்கும்?"

"எங்கம்மா எங்க போவப்போது? அடுத்த எபிசோட்ல பாத்துக்கலாம்."

நகத்தால் அந்த நாலாவது பொட்டைப் பெயர்த்து, பலகையின் ஓரத்தில் தள்ளி ஒட்டினாய். உன் அம்மா எங்கும் போகவில்லை என்பது உண்மைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி வந்தது. மறுநாள் நீ வந்து சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அம்மா பார்த்தார். கடற்கரைப் புடவைகளுக்கு மீனை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்தார். முடிந்ததும், "எல்லாப் பொண்ணுங்களும் வந்துச்சி. நீ எங்கடி கீற இதுல?" என்று கேட்டார். "பேரு வந்துச்சே கடைசில, பாக்கலியா?" என்றாயாம். பேர் ஓடிய வேகத்தில் படித்தவர்களாலேயே படிக்க முடிந்திருக்காது.

அதற்கப்புறம் மழை. உனக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்தாய், பிறகு ஆஸ்பத்திரி, பிறகு நீ இல்லை. இதை நீட்டி எழுத என்னால் ஆகாது. அடுத்த எபிசோட் நடக்கவே இல்லை. சேனல் அந்த அரை மணி நேரத்தை ஒரு நகைக்கடைக்குக் கொடுத்துவிட்டது. அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் பலகையைத் துடைத்தார்கள். சுவரில் இருந்த பொட்டுகளைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அடிக்கட்டும்.

சில மாதங்கள் கழித்து உன் அம்மா போன் செய்தார். முதலில் என் வேலையைக் கேட்டார், சாப்பாட்டைக் கேட்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கண்ணு, நீங்கல்லாம் அவ்ளோ வீடியோ எடுத்தீங்களே. அதுல எங்கனா எம் பொண்ணு நடக்கறது கீதா? பேசறது கீதா? சின்னதா இருந்தாலும் போதும்மா."

இருக்கும் என்று சொல்லிவிட்டேன். வாய் கொழுத்துச் சொல்லவில்லை, நிஜமாகவே இருக்கும் என்று நம்பினேன். எத்தனை நாள் எத்தனை கேமராவோடு திரிந்தோம். என் போனைத் தேடினேன். எல்லாவற்றிலும் நீ கேமராவுக்குப் பின்னால் இருக்கிறாய். ஒன்றே ஒன்றில் உன் உள்ளங்கை வந்து லென்ஸை மூடுகிறது. உன் போனில் செருப்பு, சால்வை, மணல், வானம், அடுத்தவர் புடவை. சுரேஷும் நானும் கல்லூரிக்குப் போய்க் கெஞ்சி அந்த ஹார்ட் டிஸ்க்கை வாங்கி முழுவதும் பார்த்தோம். உன் சட்டம் ஒழுங்காக நிறைவேற்றப்பட்டிருந்தது. ஆள் இல்லாத ஷாட் ஒன்றுகூட இல்லை. நீ இருந்தவை பேப்பர் ஷாட்டுகள் மட்டும். திரை முழுக்க வெள்ளைத் தாள், ஓரத்தில் கடித்த நகங்களோடு உன் விரல்கள், மேலே காற்றில் பறக்கிற கொஞ்சம் முடி, பின்னால் கடலின் இரைச்சல். "ஆச்சா? கட் பண்ணிக்கோ." உடனே படம் நின்றுவிடுகிறது. அடுத்தது. மறுபடி தாள். மறுபடி அதே குரல். சுரேஷ் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டான்.

அவற்றை மட்டும் போனில் ஏற்றிக்கொண்டு அச்சரப்பாக்கம் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். வெறுங்கையோடு போவதற்கு இது மேல் என்று நினைத்துவிட்டேன்.

உன் வீட்டில் கூடத்துச் சுவரில் மாலை போட்ட படம். எனக்கு ஒரு கணம் யாரென்றே புரியவில்லை. கல்லூரி அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கிய ஸ்டுடியோக்காரர், கேட்காமலே உன் முகத்தைச் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறார். உதட்டோரம் வழுவழு, கண்ணோரம் வழுவழு. நான் அதைப் பார்ப்பதை அம்மா பார்த்துவிட்டார்.

"அதெல்லாம் எங்கம்மா போச்சு? அந்தத் திட்டெல்லாம்? நல்லது பண்றேன்னு அழிச்சிட்டாரும்மா. இது யாரோ பொண்ணு. நான் யாரோ பொண்ணுக்குத் தெனம் வெளக்கு ஏத்திகினுகீறேன்."

எத்தனை விரதம் இருந்தார், எத்தனை தைலம் வாங்கினார் அந்தத் திட்டுகள் போக வேண்டுமென்று. ஒரு நாள் நிஜமாகவே போய்விட்டன. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பெரியவ கல்யாண வீடியோவ மறுபடி போட்டுப் பாத்தேன்," என்றார். "நாந்தான் சொன்னேன், போ போன்னு. போறா. தாவணி மட்டும் போவுது. நில்லுடின்னு டிவிய பாத்துக் கத்தறேன். போயிகினே கீறா."

போனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். முகம் தெரியாதும்மா, குரல் இருக்கிறது என்று முதலிலேயே சொன்னேன். தலையாட்டினார். தாள் வந்தது. விரல்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கடல் இரைந்தது. "ஆச்சா? கட் பண்ணிக்கோ." நின்றது. அம்மா போனை இன்னும் கிட்டே கொண்டுபோனார். மறுபடி போடச் சொன்னார். போட்டேன். இந்தத் தடவை தலையைப் பக்கவாட்டில் சாய்த்தார். தாளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"கண்ணு, அந்தப் பேப்பர கொஞ்சம் எறக்க சொல்லேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அவர் கேட்டபோதெல்லாம் மறுபடி மறுபடி போட்டுக் காட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிக் கிளம்பினேன். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கப் போகவில்லை. அவர் போன் செய்தால் எடுக்கிறேன், நலம் விசாரிக்கிறோம், அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

ஆனால் அவர் சொன்னது என்னிடமே நின்றுவிட்டது. அவர் அதை எனக்காகச் சொல்லவில்லை, உனக்குச் சொல்லி அனுப்பினார். படப்பிடிப்பில் யாராவது ஒரு பிள்ளை வெள்ளைத் தாளோடு ஓடிப் போய் நிற்கும்போதெல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது. அந்தப் பிள்ளையிடம் சொல்லி என்ன பயன், அதுபாட்டுக்குத் தாளை இறக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விடுகிறது. உரியவளிடம் சேர்க்காமல் இத்தனை காலம் வைத்திருந்தேன், இனியும் முடியவில்லை. சேருமா என்று தெரியவில்லை, சேராது என்றுதான் தோன்றுகிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

பேப்பரை இறக்குடி. அம்மா பார்க்கணுமாம்.